நாற்றமில்லாத டேனரி

ஆம்பூருக்கு ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கேலி உண்டு. காட்பாடியில் ஏறினால் குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஒவ்வொன்றாகப் போகும். பச்சகுப்பம் தாண்டியதும் மூக்கே இறங்கச் சொல்லிவிடும். சுண்ணாம்பும் உப்புத் தோலும் ஈரமும் கலந்த நெடி அது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்த பிறகு இப்போது எவ்வளவோ குறைந்திருக்கிறது. ஆனாலும் என்னைப் போன்ற வேலூர்க்காரன் கைக்குட்டையைத் தேடுவான். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காளுக்கு அது தெரிவதே இல்லை. ஒருமுறை நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா மூக்கைப் பொத்தறே? எங்க ஊட்டு சோத்து வாசனைப்பா அது" என்றாள். அதற்குப் பிறகு நான் கைக்குட்டையை எடுத்ததில்லை.

2021 ஆகஸ்டில், கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், அக்காளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய ஒரே மகன் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருந்தவன். ஊரடங்கில் வேலை போய் வீட்டோடு இருந்தான். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் என் அருகே வந்து உட்கார்ந்து, "மாமா, நான் ஒரு டேனரி வெச்சிருக்கேன்" என்றான்.

நான் திடுக்கிட்டேன். டேனரி வைப்பது பெட்டிக்கடை வைப்பது போலவா? இடம் வேண்டும், டிரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். அவனுடைய தகப்பனார் முப்பது வருஷம் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றவர். அவர் திண்ணையில் உட்கார்ந்து கொண்டு, எங்கோ பார்த்தபடி, "அவன் டேனரியை நீயே பாரு" என்றார்.

பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரையில் ஓர் ஊர். மலை, காடு, ஆறு, சந்தை எல்லாம் இருந்தன. ஆற்றங்கரையில் ஓட்டுக் கட்டடம் ஒன்று. அதுதான் டேனரி. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அந்த ஊருக்குள் வந்து வேட்டையாடுகிறார்கள். வேட்டைக்காரன் தோலைக் கொண்டு வந்து இவனிடம் விற்பான். இவன் பதனிட்டு, பூட்ஸ் தைத்து, வேட்டைக்குப் போகிறவர்களுக்கே திரும்ப விற்பான். இடத்தையும் டேனரியையும் நிஜப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறான். சம்பாதிப்பது அந்த ஊரின் நாணயத்தில். அதை வெளிச்சந்தையில் மாற்றினால் டாலர், டாலரை மாற்றினால் ரூபாய்.

இதெல்லாம் எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். பிளாக்செயின் என்றான். அதை அவன் எனக்கு விளக்கிய விதத்திலேயே வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்காரர் பேரேடு வைத்திருக்கிறார் அல்லவா? அந்தப் பேரேடு அவர் வீட்டில் மட்டும் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வரியை அடித்துவிடலாம். அதே பேரேட்டின் நகல் ஆயிரம் வீடுகளில் இருந்து, ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் முந்தின பக்கத்தின் முத்திரை விழுந்திருந்தால், ஒருவன் அடித்ததை மற்றவர்களின் நகல் காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட பேரேட்டில், இன்ன டேனரி இன்னாருடையது என்று பதிந்திருக்கிறது. கம்பெனியே நினைத்தாலும் அந்த வரியை மாற்ற முடியாது என்று அவன் நம்பினான். அந்த மட்டில் அவன் நம்பியது தவறும் அல்ல.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா? நானும் இல்லாத ஊர்களை உண்டாக்கி விற்றுப் பிழைக்கிறவன்தானே! என் நாவலில் வருகிற வீட்டை இதுவரை யாரும் வாடகைக்குக் கேட்டதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

டேனரி வேலை செய்யும் விதத்தையும் காட்டினான். இருபது தோலைத் தொட்டியில் போட்டான். ஒரு பொத்தானை அழுத்தினான். நாற்பது விநாடி. இருபது தோலும் பளபளவென்று வெளியே வந்துவிட்டன.

அத்தனை நேரமும் பேசாமல் இருந்த அவன் தகப்பனார் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக் கொண்டு, குனிந்து, திரையை நெடுநேரம் பார்த்தார். அவர் கைகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தின்ற கைகள். நகங்கள் பாதிதான் இருக்கும். உப்புத் தோலை ஊறப்போட்டு உப்பைக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்பில் போட்டு மயிரை நீக்க வேண்டும். சதையைச் சீவ வேண்டும். சுண்ணாம்பு போகக் கழுவ வேண்டும். அப்புறம்தான் குரோம் டிரம். அதில் சுழன்று வெளியே வரும்போது தோல் நீல நிறமாக இருக்கும். அதற்குப் பின்னும் செதுக்குவது, சாயம் போடுவது, எண்ணெய் ஏற்றுவது, காயப்போடுவது என்று எவ்வளவோ இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டபோது ஒரு தோல் தொட்டியை விட்டு எழுந்திருக்க வாரக் கணக்காகும். ஒரு கிலோ பச்சைத் தோல் பதனிட்டு முடிய 30, 40 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். இத்தனையும் அந்த மனிதரின் கைவழியாகப் போனவை. அவர் திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"டேய், தண்ணி எங்கே விடறே?"

"இதுல தண்ணி கிடையாது நைனா."

"தண்ணி இல்லாத தோலா?" என்று அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பாலாற்றங்கரையில் வாழ்கிறவன் அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் எங்கள் ஜில்லாவின் ஐம்பது வருஷத்து வழக்கு. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. வட ஆற்காடு உள்பட ஐந்து ஜில்லாக்களில் இருந்த டேனரிகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. விவகாரம் அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே கோர்ட்டு வேலூர் டேனரிகளைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் தண்ணீரே விடாத டேனரி வைத்திருந்தான். ஒரு நிமிஷம் எனக்கு அது பெரிய புண்ணியமாகக்கூடத் தோன்றியது.

புண்ணியத்துக்கு முதல் வேண்டும். கட்டடத்துக்கும் இடத்துக்கும் அறுபதாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்த சேமிப்புப் போக, அக்காளின் இரண்டு வளையல்கள் பாங்கியில் அடகுக்குப் போயிருந்தன. இன்னும் ஒரு தொட்டி கட்ட இருபதாயிரம் போதும் என்றான். கொடுத்தேன். ஊருக்குத் திரும்பி வரும்போது, மனைவியிடம் என்ன சொல்வது என்ற யோசனையில், குடியாத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. ஆக நானும் ஒரு டேனரிப் பங்குதாரன்.

பங்குதாரன் ஆகிவிட்டதால் விஷயத்தைப் படித்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட ஊர்கள் புதியவை அல்ல. செகண்ட் லைஃப் என்று ஓர் ஊர் 2003-லேயே இருந்தது. அங்கே மனை வாங்கி விற்று லட்சாதிபதியான ஒரு பெண்மணியின் திரை உருவத்தை 2006-ல் ஓர் அமெரிக்க வாணிபப் பத்திரிகை அட்டையிலேயே போட்டது. அதே ஊரில் விளையாடுகிறவர்களே பாங்கியும் நடத்தினார்கள். ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகச் சொன்ன பாங்கி ஒன்று 2007-ல் கவிழ்ந்தது. அடுத்த ஜனவரியில் கம்பெனி அந்த மாதிரிப் பாங்கிகளையே தடை செய்துவிட்டது. எங்கள் வேலூரில் பெரிய வட்டிக்கு ஆசைப்பட்டுப் பணம் போட்டவர்களின் கதை 2022-ல் பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. அவர்கள் இந்தப் பழைய கதையைப் படித்திருந்தாலும் பணத்தைப் போட்டுத்தான் இருப்பார்கள். அது வேறு விஷயம்.

பிளாக்செயின் வந்த பிறகு பிறந்தவற்றில் பெரிய பெயர் ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாமில் உள்ள ஒரு கம்பெனியின் ஆட்டம். மூன்று பிராணிகளை விலைக்கு வாங்கினால்தான் உள்ளே போகலாம். 2021-ன் நடுவில் அந்த மூன்றுக்கும் சேர்த்துப் பல நூறு டாலர் ஆயிற்று. பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஊரடங்கில் வேலையிழந்தவர்கள் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? பணமுள்ளவர்கள் பிராணிகளை வாங்கி அவர்களிடம் வாரத்துக்கு விட்டார்கள். பெரிய குழு ஒன்றில் ஆடுகிறவனுக்கு எழுபது, மேற்பார்வை பார்க்கிறவனுக்கு இருபது, குழுவுக்குப் பத்து என்று பங்கு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் உபகாரச் சம்பளம்! எங்கள் பக்கத்தில் சொந்தத் தோல் இல்லாமல் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் டேனரிகள் நிறைய உண்டு. அதை நாங்கள் ஜாப் ஒர்க் என்கிறோம். உபகாரம் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

ஆடிச் சம்பாதிக்கும் காசு 2021 ஜூலையில் ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலை போயிற்று. 2022 நடுவில் அதே காசு ஒரு சென்ட்டுக்கும் கீழே. இடையில், 2022 பிப்ரவரியில், அன்றாட ஆட்டத்துக்குக் கிடைத்துக் கொண்டிருந்த சில வரும்படிகளைக் கம்பெனி நிறுத்தியது. காசு மலிந்துவிட்டது, வேறு வழியில்லை என்று காரணம் சொன்னார்கள், காரணம் நியாயமானதுதான். மார்ச்சு 23-ஆம் தேதி வேறொன்று நடந்தது. ஆட்டக்காரர்களின் பணம் இருந்த பெட்டகத்துக்கு ஒன்பது சாவி. ஐந்து சேர்ந்தால் திறந்துவிடும். திருடர்கள் ஐந்தைக் கைப்பற்றி, அறுபது கோடி டாலருக்கு மேல் வாரிக் கொண்டு போனார்கள். ஆறு நாள் வரையில் யாருக்கும் தெரியவில்லை! யாரோ ஒருவர் தம் பணத்தை எடுக்கப் போய் வராதபோதுதான் தெரிந்தது. வட கொரியாவைச் சேர்ந்த கூட்டத்தின் வேலை அது என்று அமெரிக்கப் போலீஸ் ஏப்ரலில் அறிவித்தது. கம்பெனி பின்னர் ஆட்டக்காரர்களின் நஷ்டத்தை ஈடுகட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். திருட்டு நடந்த ஒவ்வொரு வரியும் பேரேட்டில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

அக்காள் மகன் சேர்ந்தது அந்த ஆட்டம் அல்ல. அதைப் பார்த்துப் பிறந்த எத்தனையோ தம்பிகளில் ஒன்று. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

அவன் கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறே மாதத்தில் மூன்று தொட்டி. தெருப் பையன்கள் நான்கு பேர் அவனிடம் வாரத்துக்கு வேலை செய்தார்கள். வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, தலை குனிந்து, விரல் மட்டும் ஆடிக் கொண்டிருக்கும். எதிர்வீட்டுப் பாட்டி, "பசங்க படிக்கிறாங்க" என்று நினைத்து இரைந்து பேசாமல் போவாளாம். தோல் வாங்குவது பிலிப்பைன்ஸ் பையன் ஒருவனிடம், பிரேசில்காரன் ஒருவனிடம், நாகர்கோயில் காலேஜ் மாணவன் ஒருவனிடம். ஷூ ஊரில் பிறந்தவனாகையால் ஒரு விஷயம் அவனுக்கு மற்றவர்களுக்கு முன்பே புரிந்திருந்தது. "மாமா, பூட்ஸ் தேயறதாலதான் நம்ம வண்டி ஓடுது. தேயாத பூட்ஸு வந்தா எல்லாரும் வேற வேலை பாக்க வேண்டியதுதான்" என்பான். அந்த ஊரில் பூட்ஸ் பத்து வேட்டைக்கு ஒருமுறை கிழியும்.

இதை ஒருநாள் ஒரு பாயிடம் சொன்னேன். என் அக்காள் புருஷன் வேலை பார்த்த டேனரியின் பழைய முதலாளி அவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். தொழிலை விட்டு வெகுநாளாயிற்று. ஆனால் கையில் ஒரு தோல் துண்டைக் கொடுத்தால் கண்ணை மூடிக் கொண்டு, ஆடா மாடா, எந்தப் பக்கத்து மாடு, முதுகா வயிறா என்று சொல்லுவார். பூட்ஸ் சமாசாரத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. 2021 தொடக்கத்தில் ஆர்டிஃபாக்ட் என்ற கம்பெனி, படத்து ஷூக்களை 600 ஜோடிக்கு மேல் ஏழு நிமிஷத்தில் 31 லட்சம் டாலருக்கு விற்றது என்ற செய்தியை அவருடைய பேரன் முன்பே காட்டியிருக்கிறான். அந்த வருஷ டிசம்பரில் நைக்கி அந்தக் கம்பெனியையே வாங்கிப் போட்டது. (மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், அதை மூடப் போவதாகவும் அறிவித்தது.) பாய்க்கு வந்த சந்தேகம் வேறு.

"இவன் டேனரியிலே கிரேடு யார் பாக்குறாங்க?" என்று கேட்டார்.

கிரேடு கிடையாது, எல்லாத் தோலும் ஒன்றுதான் என்றேன்.

"எல்லாத் தோலும் ஒண்ணா?" பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார். "முள்ளு கிழிச்ச தோலு, உண்ணி கடிச்ச தோலு, சூடு போட்ட தோலு, ஒண்ணும் இல்லையா? அப்போ அதிலே வியாபாரம் எங்கே இருக்கு சார்? ஒரு தோலு மாதிரி இன்னொரு தோலு இல்லே. அதனாலேதானே எனக்குச் சோறு கிடைச்சுது!"

2022 ஏப்ரலில் விழுந்தது அடி. பூட்ஸ் சீக்கிரம் கிழிகிறது என்று வேட்டைக்காரர்கள் நெடுநாளாகக் கம்பெனியிடம் முறையிட்டுக் கொண்டிருந்தார்கள். கம்பெனி அவர்கள்மேல் இரக்கம் கொண்டது. இனிமேல் நாற்பது வேட்டைக்கு ஒருமுறைதான் கிழியும் என்று விதியை மாற்றியது. அவ்வளவுதான். எந்த வரியையும் அழிக்கவில்லை. டேனரி இவனுடையதே; மூன்று தொட்டியும் இவனுடையவையே. வாங்க ஆள் இல்லை. பூட்ஸ் விலை விழுந்தது, தோல் விலை விழுந்தது, ஊரின் நாணயமும் கூடவே விழுந்தது. புது ஆட்கள் வருவது நின்றது. அதே ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் சர்க்கார் இந்த மாதிரி லாபத்துக்கு முப்பது சதவீத வரி போட்டிருந்தார்கள்; ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் இடமில்லை. அவனுக்குக் கழிப்பதற்கு லாபம் எங்கே இருந்தது!

எங்கோ இருந்து வருகிற விதி ஆம்பூருக்குப் புதியதல்ல. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் ஒரு மருந்தை 1990-ஐ ஒட்டி ஜெர்மனி தடை செய்தபோது, பாயின் சரக்கு ஒன்று கப்பலில் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஷூ கம்பெனிகள் கலங்கிப் போயின. ஆனால் திரும்பி வந்த தோல் பாயின் கிடங்கில் இருந்தது. அதை மலிவாகவாவது வேறொருவனுக்குத் தள்ளலாம். சங்கம் கூடி டில்லிக்குப் போய் மனுக் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தெருவில் நின்று கத்தவாவது கத்தலாம். இவன் யாரிடம் போவான்? உடைமை அவனுடையது, விதி அவர்களுடையது. முறையிட்டால் ஒரு பெட்டியில் எழுதிப் போட வேண்டும். எழுதிப் போட்டான். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

நஷ்டம் போகட்டும். அதற்கு மேலே ஒரு வில்லங்கம் இருந்தது. அதற்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பெரிய ஆர்டருக்காக அவன் பிலிப்பைன்ஸ் பையனிடம் 1,400 தோல் கடனாக வாங்கியிருந்தான். சந்தையில் தோல் வந்ததும் தோலாகவே திருப்பித் தருவதாகப் பேச்சு. பேரேட்டில் பதிந்தது, தோல் அவன் பெயரிலிருந்து இவன் பெயருக்கு மாறியது மட்டும்தான். கடன் என்பது இருவருக்கும் நடந்த பேச்சில் இருந்தது. வாங்கிய நாளில் அந்தத் தோலின் மதிப்பு ஏறக்குறைய பதினேழாயிரம் ரூபாய். விலை விழுந்த பிறகு, அதே 1,400 தோலை நம்மூர் பிரியாணி ஒரு பொட்டலத்தின் விலைக்கு வாங்கிவிடலாம்.

"வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடேன். வாங்கினது தோல், கொடுக்கிறது தோல்" என்றேன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "விளையாட்டுக் கடனுக்கெல்லாம் யாரப்பா இவ்வளவு யோசிப்பாங்க?" என்றும் சொன்னேன். என் இருபதாயிரம் போன எரிச்சலும் அதில் இருந்திருக்க வேண்டும்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் நாவலில் நான் எழுதிய உத்தமர்களெல்லாம் தலை குனிந்து கொண்டார்கள்.

"பாயைக் கேக்கலாம் மாமா" என்றான்.

பாய் வீட்டுக்குப் போனோம். அவன் தகப்பனாரும் வந்தார். முதலாளி எவ்வளவு சொல்லியும் அவர் உட்காரவில்லை, தூணோரமாக நின்றார். பையன் எல்லாவற்றையும் சொன்னான். பாய் கேட்டார்: "பேட்டா, வாங்கின அன்னிக்கு இன்னா பேச்சு? தோலுன்னு பேச்சா, பணம்னு பேச்சா?"

"தோலுன்னுதான்."

"அப்போ தோலு குடு. அதுதான் கணக்கு. விலை ஏறியிருந்தா அவன் உனக்கு மீதியைத் திருப்பிக் குடுத்திருப்பானா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கட்சி ஜெயித்துவிட்டது. பாய் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்; பாக்கை வெட்டினார்; பிறகு தலை நிமிராமலே, "விலை விழப் போவுதுன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டார்.

பையன் பதில் சொல்லவில்லை. தூணோரம் நின்றவர் ஓரடி முன்னால் வந்தார்.

"ஆயிரம் தோலு வாங்கறப்போ தெரியாது" என்றான் அவன் கடைசியில். "நானூறு வாங்கறப்போ தெரியும். மனைக்காரங்க குழுவிலே ரெண்டு நாள் முன்னாடியே பேசிக்கிட்டாங்க, விதி மாறப் போவுதுன்னு. நிஜமா பொய்யான்னு தெரியலே. தெரிஞ்சும் வாங்கினேன்."

அறையில் பாக்குவெட்டியின் சத்தம்கூட இல்லை. பாய் எதுவும் சொல்லவில்லை. அவன் தகப்பனார்தான் பேசினார். அந்த வீட்டில் அந்த முதலாளியின் எதிரே அவர் முதன்முதலாக வாயைத் திறந்து பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

"ஆயிரத்துக்குத் தோலு குடு. நானூறுக்குப் பணம் குடு. வாங்கின அன்னிக்கு இருந்த விலை."

"சரி நைனா" என்றான்.

நானூறு தோலின் அன்றைய விலை நாலாயிரத்து எண்ணூறு. பெரிய தொகை அல்லதான். ஆனால் வேலையில்லாத பையனுக்கு எது பெரிய தொகை, எது சின்னத் தொகை? ஜூனில் மறுபடியும் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். முதல் மாதச் சம்பளத்தில் அதை டாலராக மாற்றி அனுப்பினான். அதற்குக் கட்டணம் தனியாகப் பிடித்தார்கள். வாசலில் உட்கார்ந்து ஆடிய நாலு பையன்களுக்கும் பாக்கி இருந்தது; அதைக் கொடுத்து முடிக்கத் தீபாவளி ஆயிற்று. அவனைப் போல் அந்த ஊரில் தொட்டி வைத்திருந்தவர்களில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் பெயரை மாற்றிக் கொண்டு வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்களாம். அந்தப் பேரேட்டில் அவர்கள் பெயரில் ஒரு கறையும் கிடையாது. கறை விழும் பத்தியே அதில் இல்லை.

2023 கடைசியில் கம்பெனி அந்த ஊரையே மூடிவிட்டது. மலை, காடு, ஆறு எதுவும் இப்போது இல்லை. பேரேடு மட்டும் இருக்கிறது. அதில் இன்றைக்கும் அந்த டேனரி என் அக்காள் மகன் பெயரில்தான் பதிந்திருக்கிறது. போவதற்கு வழியில்லாத ஊரில் மூன்று தொட்டி! என் பங்கும் அதற்குள் எங்கோ கிடக்கிறது. அக்காளின் வளையல்களில் ஒன்றை மீட்டாகிவிட்டது. மற்றது போன தடவை நான் போனபோதும் பாங்கியில்தான் இருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெறுங்கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்கிறாள்.

பிலிப்பைன்ஸ் பையனிடமிருந்து பதில் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பணம் கிடைத்தது என்று எழுதியிருந்தான். அவன் அந்தத் தோலை எப்போதோ கைகழுவிவிட்டானாம். யாரோ தன்னை ஏமாற்ற வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திறக்கவே இல்லையாம். கீழே ஒரு கேள்வி. உங்கள் ஊரில் நிஜமாகவே தோல் பதனிடுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாயே, அந்த ஊர் எப்படி இருக்கும், அதன் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தான்.

"நீங்க எழுதுறவரு, மாமா. ரெண்டு வரி சொல்லுங்க, இங்கிலீஷிலே போட்டு அனுப்பிடறேன்" என்று அக்காள் மகன் போனை என்னிடம் நீட்டினான்.

திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். மழை பெய்து ஓய்ந்த மாலை. காற்று ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. உப்பு என்று ஆரம்பித்தேன், அடித்தேன். சுண்ணாம்பு என்று ஆரம்பித்தேன், அதையும் அடித்தேன். அக்காள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் எழுதலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.